கை தூக்குமுன் வாசகத்தைப் படிக்கச் சொல்லுங்கள்!

(கொல்லிமலை குண்டனி நாட்டில் ஆடிப் பதினெட்டை ஒட்டி நடந்த ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆடிப் பதினெட்டுக்கு ஊர் வந்திருக்கிறீர்கள். திருப்பூர், ஈரோடு, கோவைப் பக்கத்து நூல் மில்களிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்த தம்பிகளும் தங்கைகளும் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். மிளகு பறிக்கவும் மரவள்ளிக் காட்டுக்கும் அன்றாடம் கூலிக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கம். கிடைத்த இரண்டு நாள் ஓய்வில் ஒரு மணி நேரத்தை எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

இன்னும் பன்னிரண்டு நாளில் ஆகஸ்டு 15. அன்று கிராம சபை கூடும். பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டும் என்று உங்களில் பலர் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். நல்ல காரியம். ஆனால் ‘பள்ளிக்கூடம் வேண்டும்’ என்று எல்லோரும் கை தூக்கிவிட்டால் போதுமா? எழுதியிருக்கிற வாசகம் என்ன, அதை எழுதியவர் யார், கை தூக்குவதற்கு முன்னால் எழுதினாரா, பின்னால் எழுதினாரா என்று கேட்க வேண்டாமா? இதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

என் சொந்த அனுபவம் ஒன்று சொல்கிறேன். வாலிபத்தில் நான் ஒரு மில்லில் சைடு பார்த்துக்கொண்டிருந்தேன். மில்லின் பெயர் இப்போது வேண்டாம். தீபாவளி நெருங்கிய சமயம். மேஸ்திரி ஒரு தாளைக் கொண்டுவந்தார். “போனஸ் வாங்கச் சம்மதமா? சம்மதமானால் கையெழுத்துப் போடு” என்றார். போனஸ் வேண்டாம் என்று எந்தத் தொழிலாளி சொல்வான்? மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, நூல் அறுந்துகொண்டிருக்கிறது. நின்று படிக்க நேரமேது? வரிசையாகப் போட்டார்கள். நானும் போட்டேன். பிறகுதான் தெரிந்தது, அதே தாளின் அடியில், இத்துடன் இவ்வருஷத்திய கோரிக்கைகள் யாவும் தீர்ந்துவிட்டன என்று இரண்டு வரி இருந்தது. பஞ்சப்படி பாக்கிக்காகச் சங்கம் போட்டிருந்த மனு அந்த இரண்டு வரியில் மண்ணாய்ப் போயிற்று.

எங்களை அன்று யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. ஒரு கேள்வி கேட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் கேள்வியை எழுதியவர்கள் அவர்கள்.

நம்மை யார் கேட்கிறார்கள்?

2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தல் ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொருவர் கையிலும் நான்கு சீட்டுக் கொடுத்தார்கள். வார்டு மெம்பருக்கு ஒன்று, தலைவருக்கு இளஞ்சிவப்பு, யூனியனுக்குப் பச்சை, ஜில்லாவுக்கு மஞ்சள். நான்கிலும் பெயரும் சின்னமும் இருந்தன. கேள்வி எதுவும் இல்லை. உன் ஊர்ப் பள்ளிக்கு இத்தனை ரூபாய் செலவழிக்கலாமா, அந்தப் பணத்தை யாரிடம் வசூலிக்கலாம் என்று எந்தச் சீட்டும் நம்மைக் கேட்டதில்லை.

பள்ளிக் கட்டடத்துக்குப் பணம் எப்படி வருகிறது? மாநில சர்க்கார் பட்ஜெட்டில் ஒதுக்குகிறது. 2022-23இல் பேராசிரியர் அன்பழகன் பெயரால் அறிவித்த பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்து வருஷத்தில் 7,000 கோடி ரூபாய் என்றார்கள். சர்க்கார் கடன் வாங்குகிறது, வரி போடுகிறது, சட்டசபை சம்மதிக்கிறது. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ரூபாய்க்குப் பத்து பைசா சேர்ந்திருக்கும். 1948ஆம் வருஷத்துப் பொது நூலகச் சட்டத்தின்படி வந்த வரி அது. நான் அதைக் குறை சொல்லவில்லை. புத்தகத்துக்குக் கொடுக்கிற பத்து பைசா நல்ல பைசாதான். ஆனால் அதைக் கொடுக்கிறோம் என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

அமெரிக்காவில் வேறு மாதிரி. அங்கே பள்ளிக்கூடங்களுக்கென்றே தனி வட்டாரம், தனி நிர்வாக சபை உண்டு. புதுக் கட்டடம் வேண்டுமானால் அந்த வட்டாரம் கடன் பத்திரம் வெளியிடும். பணக்காரர்களும் பாங்குகளும் பத்திரத்தை வாங்குவார்கள். இருபது முப்பது வருஷத்துக்கு வீடு நிலங்களின் மேல் வரி போட்டு அந்தக் கடனை வட்டியோடு அடைப்பார்கள். பெரும்பாலான மாநிலங்களில் இதற்கு மக்கள் ஓட்டுப் போட்டுச் சம்மதிக்க வேண்டும். ஓட்டுச் சீட்டில் கேள்வி அச்சடித்திருக்கும். ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று போட வேண்டும்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. டாலர் ராஜ்யத்தில் இவ்வளவு ஜனநாயகமா என்று ஆச்சரியப்படுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில், யாருக்கு ஓட்டு? பல மாநிலங்களில் சொத்துள்ளவன் மட்டும்தான் இந்தக் கடன் தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்று விதி இருந்தது. வாடகை வீட்டில் இருக்கும் தொழிலாளியின் பிள்ளை அதே பள்ளியில் படிக்கும், ஆனால் அவனுக்கு ஓட்டு இல்லை. 1969, 1970ஆம் வருஷங்களில்தான் அவர்களுடைய சுப்ரீம் கோர்ட் இது செல்லாது என்று தீர்ப்பளித்தது. நாம் சிரிக்க வேண்டியதில்லை. 1935ஆம் வருஷத்துச் சட்டப்படி நம் நாட்டிலும் சொத்து, வரி, படிப்பு என்று பார்த்துத்தான் ஓட்டுக் கொடுத்தார்கள். கூலிக்காரனும் அவன் மனைவியும் 1951-52 பொதுத் தேர்தலில்தான் ஓட்டுச் சாவடியைக் கண்டார்கள்.

எழுபத்தைந்து வார்த்தை

ஓட்டுக் கிடைத்த பிறகு சண்டை வேறு இடத்துக்கு மாறியது. கேள்வியில் என்ன எழுதுவது என்பதுதான் இப்போது சண்டை.

கலிபோர்னியா மாநிலத்தில் ஓட்டுச் சீட்டுக் கேள்வி 75 வார்த்தைக்குள் அடங்க வேண்டும் என்று விதி. முன்பெல்லாம் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழுந்தால்தான் பள்ளிக் கடன் நிறைவேறும். நூற்றுக்கு அறுபத்தாறு பேர் பள்ளி வேண்டும் என்றாலும் முப்பத்து நான்கு பேர் தடுத்துவிடலாம்! 2000 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டு இதை 55 சதவீதமாகக் குறைத்தார்கள். ஆனால் நிபந்தனை வைத்தார்கள். எந்தப் பள்ளியில் என்ன வேலை என்று பட்டியல் கொடுக்க வேண்டும், ஊர்க்காரர்களின் கண்காணிப்புக் குழு அமைக்க வேண்டும், வருஷா வருஷம் தணிக்கை நடக்க வேண்டும். 2017இல் இன்னொரு சட்டம் வந்தது. வருஷத்துக்கு எவ்வளவு வசூலாகும், வரி விகிதம் என்ன, எத்தனை வருஷத்துக்கு, இவை மூன்றையும் அந்தக் கேள்வியிலேயே எழுத வேண்டும். பள்ளி நிர்வாகிகள் முணுமுணுத்தார்கள். 75 வார்த்தையில் கணக்கே பாதியைத் தின்றுவிட்டால், ஒழுகுகிற கூரையைப் பற்றி எங்கே எழுதுவது என்றார்கள். அவர்கள் குறையிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கணக்கை எழுதாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் பார்க்க வேண்டும்.

சான் டியாகோ நகரத்துக்குப் பக்கத்தில் போவே என்று ஒரு பள்ளி வட்டாரம். 2008இல் அங்கே கடனுக்கு ஓட்டுக் கேட்டார்கள். வரி விகிதம் உயராது என்று வாக்குறுதி கொடுத்தார்கள். ஜனங்கள் சம்மதித்தார்கள். வரியும் உயரக் கூடாது, பணமும் வேண்டும் என்றால் எப்படி? 2011இல் 10 கோடியே 50 லட்சம் டாலர் கடன் வாங்கினார்கள். முதல் இருபது வருஷத்துக்கு ஒரு காசு திருப்ப வேண்டாம் என்று ஏற்பாடு. வட்டி மட்டும் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். 2051க்குள் திருப்பிக் கொடுக்க வேண்டிய தொகை கிட்டத்தட்ட 98 கோடி டாலர். ஒன்பது மடங்குக்கும் மேல்! சந்தையில் கந்துவட்டிக்கு விடுகிறவன்கூட வெட்கப்படுவான். ஓட்டுப் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அல்லவா இதைக் கட்ட வேண்டும்? விஷயம் வெளியே வந்து நாடு சிரித்த பிறகு, 2013இல் மாநில சட்டசபை, இந்த ரகக் கடனில் திருப்பும் தொகை மொத்தம் நான்கு மடங்குக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் செய்தது.

இது சுமையை மறைக்கிற வித்தை. இன்னொரு வித்தை உண்டு, சுமையை மட்டும் பெரிதாகக் காட்டுவது. டெக்ஸாஸ் மாநிலத்தில் 2019இல் ஒரு சட்டம் வந்தது. பள்ளிக் கடன் எதுவானாலும் சரி, ஓட்டுச் சீட்டில், இது சொத்து வரி உயர்வு என்று பெரிய எழுத்தில் அச்சடித்தே தீர வேண்டும். வரி விகிதம் ஒரு சல்லி உயராத கடனானாலும் அப்படித்தான் அச்சடிக்க வேண்டும். ஓட்டுச் சாவடியில் பேனாவைத் தூக்கும்போது கண்ணில் படுவது அந்த வரிதான். ஏழைக் குடியானவனுடைய வீட்டுக்கும் அந்த வரி உண்டு, அதை மறைக்க வேண்டாம். ஆனால் எவ்வளவு என்ற கணக்கைச் சொல்வது வேறு, பயம் காட்டுவது வேறு. கணக்கைச் சொன்னால் நிலம் அதிகம் வைத்திருப்பவனுக்கு எவ்வளவு, நமக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடுமே!

மில் தோழர்கள் இதைக் கேளுங்கள். இங்கிலாந்தில் வேலைநிறுத்தம் செய்ய வேண்டுமானால் சங்கம் தபால் ஓட்டு எடுக்க வேண்டும். 1992ஆம் வருஷத்துச் சட்டம் அந்த ஓட்டுச் சீட்டுக்கு வாசகம் விதித்தது. வேலைநிறுத்தத்தில் சேர்ந்தால் நீ உன் வேலை ஒப்பந்தத்தை மீறியவன் ஆகக்கூடும் என்று ஒவ்வொரு சீட்டிலும் அச்சிட வேண்டும். அதற்குக் கீழே சங்கம் தன் விளக்கத்தை ஒரு வரிகூடச் சேர்க்கக் கூடாது. முதலாளி கூலியைக் குறைத்ததால்தான் வேலைநிறுத்தம் என்று எச்சரிக்கைக்குப் பக்கத்தில் எழுத முடியாது! பள்ளிக்கூடமானாலும் கூலியானாலும் ஆளும் வர்க்கம் கேள்வித்தாளை விட்டுவிடுவதில்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூவும் இலையும்

நம் தேசத்திலும் மக்களிடம் கேள்வி கேட்டு ஓட்டு எடுத்தது உண்டு. 1967 ஜனவரி 16ஆம் தேதி கோவாவில் நடந்தது. மகாராஷ்டிரத்தோடு சேர வேண்டுமானால் பூ, யூனியன் பிரதேசமாகத் தனியாக இருக்க வேண்டுமானால் இரட்டை இலை. (நம்மூர் இரட்டை இலையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்தக் கட்சி 1972இல்தான் பிறந்தது.) எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் விளங்கிற்று. 34,021 ஓட்டு வித்தியாசத்தில் இலை ஜெயித்தது. ஆனால் தனி மாநிலமாக வேண்டும் என்று நினைத்தவன் எதில் போடுவான்? சீட்டில் அந்த மூன்றாவது வழியே இல்லை. அந்த மாநில அந்தஸ்து 1987இல்தான் வந்தது. கேள்வியில் இடம்பெறாத விஷயம் இருபது வருஷம் காத்திருந்தது.

பணத்தோடு வாசகத்தைக் கட்டுவதற்கு உதாரணம் தேடி நெடுந்தூரம் போக வேண்டாம். 2024-25இல் சமக்ர சிக்ஷா திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. பி.எம். ஸ்ரீ பள்ளி ஒப்பந்தத்தில், 2020ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையை முழுவதும் அமல்படுத்துவோம் என்ற பாரா இருந்தது. மாநில சர்க்கார் அந்தப் பாராவை எடுத்துவிட்டு அனுப்பியது. டில்லி ஒப்புக்கொள்ளவில்லை. 2025 மே மாதம் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. எங்கள் மில் மேஸ்திரியின் தாள் ஞாபகம் வருகிறதா? மேலே போனஸ், கீழே இரண்டு வரி. பெரிய இடத்திலும் அதே வேலைதான்.

நம் கிராம சபைக்கு வருவோம்

1994ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி கிராம சபையில் வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லோரும் மெம்பர்கள். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களோடு 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய தேதிகளும் சேர்ந்தன. ஊர் ஜனத்தொகை 501 முதல் 3,000 வரையானால் 100 பேர் வர வேண்டும். 3,001 முதல் 10,000 வரையானால் 200 பேர். இல்லாவிட்டால் கோரம் இல்லை. மலையில் ஒரு குக்கிராமத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவே ஒரு ஓடையும் ஒரு மேடும் இருக்கிறது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நடந்து வர வேண்டும். இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நாம் வராத சபையில் எழுதுகிற வாசகமும் நம் பெயரில்தான் போகிறது.

கிராம சபை வெறும் சடங்கு என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பதில் உண்டு. ஒடிசாவில் நியாம்கிரி மலையில் பாக்சைட் வெட்ட வேதாந்தா கம்பெனி வந்தது. 2013 ஏப்ரல் 18ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், கிராம சபைகளைக் கேள் என்றது. அந்த வருஷம் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் 12 கிராம சபைகள் கூடின. டோங்ரியா கோந்து மக்கள் பன்னிரண்டிலும் முடியாது என்றார்கள். சுரங்கம் வரவில்லை. அது ஐந்தாவது அட்டவணைப் பகுதி, சட்டப் பாதுகாப்பு அதிகம். தமிழ்நாட்டில் எந்த மலையையும் ஐந்தாவது அட்டவணையில் சேர்க்கவில்லை. கொல்லிமலையையும் சேர்க்கவில்லை. அது தனிப் போராட்டம், இன்னொரு நாள் பேசுவோம். இருப்பினும் 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் நமக்கும் பொருந்தும். அதில் நமக்கு வேண்டிய ஒரு ஷரத்து இருக்கிறது.

மூன்றாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அங்கன்வாடி, ரேஷன் கடை, ரோடு, குடிதண்ணீர் என்று பதின்மூன்று காரியங்களுக்கு வன நிலத்தை ஒதுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக, அதாவது நம் கணக்கில் இரண்டரை ஏக்கருக்குள் இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கிராம சபை சிபாரிசு செய்திருக்க வேண்டும். அந்த சிபாரிசு இல்லாமல் ஒரு அடி நிலம் நகராது. பாருங்கள், அமெரிக்காக்காரனுக்கு ஓட்டுச் சீட்டு எதுவோ, நமக்கு அந்தத் தீர்மானப் புத்தகம் அதுதான்.

இப்போது ஒரு குக்கிராமத்தில் பள்ளிக்கூடம் வேண்டும், இடம் வனத்துறை நிலம் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக எப்படி எழுதுவார்கள்? “கல்வி மேம்பாட்டுக்கும் இதர வளர்ச்சிப் பணிகளுக்கும் தேவையான நிலத்தை ஒதுக்கச் சபை ஏகமனதாக ஒப்புக்கொள்கிறது.” கேட்க இனிமையாக இருக்கிறது. கை தூக்கிவிடுவீர்கள். ‘இதர’ என்ற ஒரு சொல்லைக் கவனித்தீர்களா? அதற்குள் கல் குவாரியும் நுழையலாம், சுற்றுலா பங்களாவும் நுழையலாம். ‘தேவையான நிலம்’ என்றால் எத்தனை ஏக்கர்? மரம் எத்தனை? ஒன்றும் இல்லை. கெட்ட எண்ணத்தோடு எழுதினால் நிலம் போகும். நல்ல எண்ணத்தோடே எழுதியிருந்தாலும் கணக்கு இல்லையென்று ஆபீசில் திருப்பி அனுப்புவார்கள். பிள்ளைகள் இன்னொரு வருஷம் ஓடையைத் தாண்டி நடக்கும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். “இன்ன குக்கிராமத்தில் ஆறு வயது முதல் பத்து வயது வரை இத்தனை குழந்தைகள் உள்ளனர். மிக அருகிலுள்ள தொடக்கப் பள்ளி இத்தனை கிலோமீட்டர். இரண்டு வகுப்பறை, தலைமையாசிரியர் அறை, ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, சமையலறை கட்ட இன்ன சர்வே நம்பரில் இத்தனை சென்ட் நிலத்தை, வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவின்படி ஒதுக்கச் சபை சிபாரிசு செய்கிறது. வெட்ட வேண்டிய மரம் இத்தனை. கட்டடச் செலவு சர்க்காருடையது. ஊர் மக்களிடம் வசூல் கூடாது. இந்நிலத்தை வேறு எந்தக் காரியத்துக்கும் உபயோகிக்கச் சபை சம்மதிக்கவில்லை.”

இதில் அலங்காரம் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு வகுப்பறை என்று ஏன் போட்டேன்? 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர், ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு வகுப்பறை என்று இருக்கிறது. சட்டத்தின் வார்த்தையையே எடுத்துப் போட்டால் அதிகாரி மறுத்து எழுதக் காரணம் தேட வேண்டியிருக்கும். பள்ளி இருக்கிற ஊர்களில் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கு பெற்றோர், சரிபாதி பெண்கள் என்பது சட்டம். அந்தக் குழு எழுதுகிற வளர்ச்சித் திட்டத்தைத்தான் மானியத்துக்கு ஆதாரமாகக் கொள்ள வேண்டும் என்று இருபத்திரண்டாம் பிரிவு சொல்கிறது. குழுவில் இருக்கிற தாய்மார்களே, யாரோ எழுதிக் கொடுத்ததில் பெருவிரல் வைக்காதீர்கள். உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். புரியவில்லையென்றால் இன்னொரு தடவை படிக்கச் சொல்லுங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது.

இன்னும் ஒன்று. வருகைக் கையெழுத்து வேறு, தீர்மானத்துக்குச் சம்மதம் வேறு. வந்ததற்குப் போட்ட கையெழுத்துக்கு மேலே பிற்பாடு தீர்மானத்தை எழுதிக்கொள்கிற பழக்கம் சில ஊர்களில் உண்டு. வாசகம் முழுவதும் எழுதி, படித்து, அதன் அடியில் கோடு போட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். ஒரு தீர்மானத்தில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும். ரோடும் குவாரியும் பள்ளியும் ஒரே தீர்மானத்தில் வந்தால், மூன்றாகப் பிரிக்கச் சொல்லி எழுந்து நில்லுங்கள். கூட்டம் முடிந்ததும் செல்போனில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மில்லுக்குத் திரும்பிப் போகிற தம்பிகளிடம் ஒரு படம் இருக்கட்டும். விடமாட்டேன் என்றால் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தோடு நகல் கேட்டு மனுப் போடலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் கிடையாது.

நேரமாகிவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்தாறு பேர் இங்கேயே உட்காருங்கள், வாசகத்தை எழுதிவிடுவோம். அதில் ‘இத்தனை’ என்று நான் விட்ட இடங்களை நிரப்ப வேண்டும். குழந்தைகளை எண்ண இரண்டு பெண் தோழர்கள் நாளைக் காலை வீடு வீடாகப் போக வேண்டும். நிலத்தை அளக்கவும் அதில் நிற்கிற மரங்களை எண்ணவும் சங்கிலி பிடிக்கத் தெரிந்த இரண்டு பேர் வேண்டும். யார் வருகிறீர்கள்?